ஆறில் எந்தச் சிலிண்டர்?



நாமக்கல், சங்ககிரி, திருச்செங்கோடு என்று இந்த வட்டாரத்தில் லாரியைப் பற்றிப் பேச எழுந்து நிற்கவே துணிச்சல் வேண்டும். பாடி கட்டுவதும் டேங்கர் ஓட்டுவதும் ரிக் வண்டியை வடநாட்டுக்கு அனுப்புவதும் உங்களுக்கு அன்றாடம். ஆனாலும் ஒரு விஷயம் மனதில் நெடுநாளாக உறுத்திக்கொண்டிருக்கிறது. அதைச் சொல்லத்தான் வந்தேன்.

வண்டி மிஸ்ஸிங் அடிக்கிறது. ஸ்லோவில் நின்றால் கேபின் குலுங்குகிறது, கண்ணாடி நடுங்குகிறது, ஏற்றத்தில் இழுவை இல்லை. நம்மவர் என்ன செய்கிறார்? பட்டறையில் கொண்டுபோய் விட்டு, “என்னன்னு பாருங்கண்ணே” என்று சாவியைக் கொடுத்துவிட்டு வந்துவிடுகிறார். அங்கே முதலில் டீசல் ஃபில்டர் மாறுகிறது. குணமாகவில்லை. ஆறு நாசிலும் இறங்குகின்றன. அப்போதும் குணமாகவில்லை. பம்ப் கேலிப்ரேஷனுக்குப் போகிறது, வண்டி அசையாமல் நிற்கிறது, தவணை மட்டும் நிற்பதில்லை. கடைசியில் டேங்கிலிருந்து வரும் குழாயில் ஒரு செப்பு வாஷர் தேய்ந்திருந்தது என்று தெரியவருகிறது. ஒற்றை லாரியை நம்பிக் குடும்பம் நடத்துகிறவருக்கு இது சின்ன அடி இல்லை.

பழுது எங்கே என்று கண்டுபிடிப்பது ஒரு வேலை. அதைச் சரிசெய்வது இன்னொரு வேலை. இரண்டாவது வேலைக்குப் பட்டறை வேண்டும், டெஸ்ட் பெஞ்ச் வேண்டும், அனுபவக் கை வேண்டும். முதல் வேலையில் பெரும்பகுதியை உங்கள் வீட்டு வாசலிலேயே, வேப்பமரத்தடியில் நிறுத்திய வண்டியிலேயே முடித்துவிடலாம். இன்றைக்கு அந்த முதல் வேலையைப் பற்றி மட்டும் பேசுகிறேன்.

குலுக்கல் எப்படி வருகிறது என்பதிலிருந்து தொடங்குவோம். நம் வண்டிகளில் பெரும்பாலானவை ஆறு சிலிண்டர், நாலு ஸ்ட்ரோக் எஞ்சின். கிராங்க் ஷாஃப்ட் இரண்டு சுற்றுச் சுற்றும்போது ஆறு சிலிண்டரும் ஆளுக்கு ஒருமுறை வெடிக்கின்றன. அதாவது 120 டிகிரிக்கு ஒரு உந்துதல். ஸ்லோ ஸ்பீடு 600 ஆர்.பி.எம். என்று வையுங்கள். ஒவ்வொரு சிலிண்டரும் விநாடிக்கு 5 முறை, மொத்தம் 30 முறை வெடிக்கிறது. இவ்வளவு நெருக்கமான உந்துதலைக் கை தனித்தனியாக உணராது. ஒரு சிலிண்டர் சும்மா இருந்துவிட்டால், அந்த இடத்தில் 240 டிகிரிக்கு ஒரு பள்ளம் விழுகிறது. அந்தப் பள்ளம் விநாடிக்கு 5 முறை வருகிறது. அதைத்தான் உங்கள் கை கியர் லீவரில் உணர்கிறது. தாளம் தவறாமல் வருகிற குலுக்கல் என்றால் ஒரு சிலிண்டரைச் சந்தேகிக்க வேண்டும். தாளமே இல்லாமல், சில நேரம் நன்றாகவும் சில நேரம் தடுமாறியும் ஓடினால் எல்லாச் சிலிண்டருக்கும் பொதுவான ஒன்றைச் சந்தேகிக்க வேண்டும்: டீசல் வரத்து, காற்று, கவர்னர். ஸ்பேனரைத் தொடுவதற்கு முன்னாலேயே காது பாதி வழியைக் குறுக்கிவிடுகிறது.

இதற்கு நடுவில் ஒரு எச்சரிக்கை. தோஸ்த் போன்ற மூன்று சிலிண்டர் வண்டி, ஸ்லோவில் கொஞ்சம் நடுங்கத்தான் செய்யும். அது அதன் இயல்பு. அதைப் பழுது என்று நினைத்துப் பணம் கொடுத்தவர்கள் இருக்கிறார்கள்.

அடுத்தது, டிரைவரைக் கேளுங்கள். பட்டறையில் பலர் செய்யாத வேலை இது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் மட்டும் குலுக்கலா? சூடான பிறகா? லோடு ஏற்றினால் மட்டுமா? எந்த பங்கில் டீசல் அடித்த பிறகு? ஃபில்டர் மாற்றிய மறுநாளா? வண்டியோடு நாள் முழுக்க இருக்கிற அந்தத் தம்பிக்குத் தெரிந்தது, எந்தக் கருவிக்கும் தெரியாது. குளிரில் குலுங்கி, சூடானதும் சரியாகிறது என்றால் கம்ப்ரஷன் குறைவையோ நாசிலையோ நினைக்கலாம். குளிரில் நன்றாக ஓடி, சூடானதும் குலுங்கினால் டேப்பெட் இறுக்கமாக இருக்கலாம்; வால்வு சூட்டில் நீண்டு, இருக்கையில் முழுதாக அமராமல் கம்ப்ரஷனை விட்டுவிடுகிறது. ஸ்லோவில் அமைதியாக நின்று, லோடில் மட்டும் மூச்சுத் திணறினால் டீசல் ஃபில்டரையும் ஏர் ஃபில்டரையும் முதலில் பாருங்கள். நிற்கும்போது அமைதி, ஓடும்போது மட்டும் அதிர்வு என்றால், ஓட்டத்திலேயே கியரை நியூட்ரலுக்குக் கொண்டுவந்து பாருங்கள். எஞ்சின் வேகம் இறங்கிய பிறகும் அதிர்வு அப்படியே இருந்தால் புரொபெல்லர் ஷாஃப்ட் பக்கம் போங்கள், எஞ்சினை விட்டுவிடுங்கள். எஞ்சின் மவுண்டிங் ரப்பர் கிழிந்து, நல்ல எஞ்சின் பழிசுமந்த கதையும் உண்டு.

புகையையும் படியுங்கள். கறுப்புப் புகை என்றால் டீசல் அதிகம் அல்லது காற்றுக் குறைவு. நீலம் என்றால் ஆயில் எரிகிறது. வெள்ளைப் புகையில்தான் பலர் ஏமாறுகிறார்கள், ஏனென்றால் அதில் இரண்டு வகை. கண்ணைக் கரிக்கிற, டீசல் நெடி அடிக்கிற வெள்ளைப் புகை, எரியாமல் வெளியேறும் டீசல். ரேடியேட்டரில் தண்ணீரும் குறைந்துகொண்டே வந்து, சூடான பிறகும் ஆவியாகத் தொடர்கிற வெள்ளைப் புகை, கூலன்ட் உள்ளே கசிவதைச் சொல்கிறது. எஞ்சின் ஆறியிருக்கும்போது ரேடியேட்டர் மூடியைத் திறந்து, பிறகு ஸ்டார்ட் செய்து, குமிழி விடாமல் கிளம்புகிறதா என்று பாருங்கள். கிளம்பினால் ஹெட் காஸ்கெட் பக்கம் விரல் நீட்டலாம். சூடாக இருக்கும்போது அந்த மூடியைத் தொடவே கூடாது.

இப்போது டீசல் வரத்துக்கு வருகிறேன். என் அனுபவத்தில், வீட்டிலேயே தீர்ந்துவிடக்கூடிய பழுதுகளில் முக்கால்வாசி இங்கேதான் இருக்கின்றன. வாட்டர் செப்பரேட்டரின் அடித்திருகைத் திறந்து, வருவதை ஒரு கண்ணாடி பாட்டிலில் பிடியுங்கள். அப்படியே ஒரு இரவு வையுங்கள். டீசல் மேலேயும் தண்ணீர் அடியிலும் பிரிந்து நிற்கும். டேங்கைப் பாதி காலியாக விட்டு மழைக்காலத்தில் நிறுத்தி வைத்தால் உள்காற்றின் ஈரம் சுவரில் வியர்த்துத் தண்ணீராக இறங்கும். பங்க் மேல் சந்தேகப்படும் முன் இதையும் நினைத்துப் பாருங்கள்.

அடுத்து, ஏர் பிடிப்பது. இதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது, தயவுசெய்து கவனியுங்கள். டேங்கிலிருந்து ஃபீட் பம்ப் வரைக்கும் டீசல் உறிஞ்சப்பட்டு வருகிறது. அந்தக் குழாய்க்குள் அழுத்தம் வெளிக்காற்றைவிடக் குறைவு. அதனால் அங்கே ஓட்டை இருந்தால் எஞ்சின் ஓடும்போது டீசல் வெளியே சொட்டாது, காற்று உள்ளே போகும். குழாய் காய்ந்து சுத்தமாக இருக்கும், நாமும் “கசிவே இல்லையே” என்று நம்பிவிடுவோம். ஃபீட் பம்பைத் தாண்டிய பிறகுதான் கசிவு ஈரமாகத் தெரியும். ஃபில்டர் மாற்றிய மறுநாளே மிஸ்ஸிங் தொடங்கியது என்றால், பழைய வாஷரையே திரும்பப் போட்டார்களா என்று கேளுங்கள். ஹேண்ட் பம்பை அடித்து ஏர் எடுங்கள். எடுத்த பிறகு நன்றாக ஓடி, அரை மணி நேரத்தில் மறுபடி தடுமாறினால், காற்று இன்னும் எங்கிருந்தோ நுழைகிறது.

எங்கிருந்து என்று தெரிய ஒரு சோதனை. சுத்தமான ஒரு கேனில் நல்ல டீசல் ஊற்றி, ஃபீட் பம்பின் மட்டத்துக்கு மேலே பத்திரமாகக் கட்டுங்கள். டேங்கிலிருந்து வரும் குழாயைக் கழற்றிவிட்டு, ஒரு புது ஹோஸை அந்தக் கேனிலிருந்து நேராக ஃபீட் பம்புக்குக் கொடுங்கள். ரிட்டர்ன் குழாயையும் அதே கேனுக்குத் திருப்பிவிடுங்கள். ஏர் எடுத்து ஸ்டார்ட் செய்யுங்கள். எஞ்சின் பூப்போல ஓடினால் பம்பும் நாசிலும் நிரபராதிகள். குற்றவாளி டேங்குக்கும் ஃபீட் பம்புக்கும் நடுவில் இருக்கிறான்: வெடித்த ஹோஸ், அடைத்த சல்லடை, மூச்சு விடாத டேங்க் மூடி. ஒரு ஹோஸும் ஒரு கேனும் செலவு. பம்பைக் கழற்றும் முன் இந்தச் சோதனையைச் செய்யாத பட்டறையை நான் மதிக்க மாட்டேன்.

கேன் சோதனையிலும் குலுக்கல் மாறவில்லை, தாளமும் தவறவில்லை என்றால், ஆறில் எந்தச் சிலிண்டர் என்ற கேள்விக்கு வந்துவிட்டோம்.

பழைய வண்டிகளில் இதற்கு ஒரு அருமையான வழி இருக்கிறது. ஜெர்மனியில் பாஷ் நிறுவனம் 1927-இல் தொடர் உற்பத்திக்குக் கொண்டுவந்த இன்லைன் பம்பில், ஒவ்வொரு சிலிண்டருக்கும் தனியாக ஒரு எலிமென்ட், தனியாக ஒரு பைப். 1951-இல் பெங்களூரில் தொடங்கிய மைக்கோ அந்தப் பம்பை இந்தியாவின் மூலைமுடுக்கெல்லாம் கொண்டுசேர்த்தது. அந்த நிறுவனத்தின் பெயரே மாறிய பிறகும் நம் பட்டறைகளில் அது மைக்கோ பம்ப்தான். சிலிண்டருக்குத் தனிப் பைப் இருப்பதால், ஒவ்வொன்றாக நிறுத்திப் பார்க்கலாம்.

சக்கரத்துக்குக் கட்டை போடுங்கள். ஹேண்ட் பிரேக், நியூட்ரல். கேபினைத் தூக்கினால் தாங்குகம்பி பூட்டியிருக்கிறதா என்று பாருங்கள். தொளதொளச் சட்டை வேண்டாம், துண்டைக் கழுத்திலிருந்து எடுத்துவிடுங்கள், ஃபேன் சுழன்றுகொண்டிருக்கும். கண்ணாடி அணியுங்கள். எஞ்சின் ஸ்லோவில் ஓடட்டும். முதல் சிலிண்டரின் நாசில் மேலிருக்கும் பைப் நட்டின்மேல் துணியைப் போர்த்திப் பிடித்து, ஸ்பேனரால் அரைச் சுற்று தளர்த்துங்கள். சூடான மேனிஃபோல்டில் டீசல் தெறிக்கக் கூடாது, அதற்குத்தான் துணி. எஞ்சின் சட்டென்று தணிந்து, குலுக்கல் கூடினால் அந்தச் சிலிண்டர் உழைத்துக்கொண்டிருந்தது. நட்டை இறுக்கிவிட்டு அடுத்ததற்குப் போங்கள். எந்த நட்டைத் தளர்த்தியும் எஞ்சினில் எந்த மாற்றமும் தெரியவில்லையோ, அந்தச் சிலிண்டர்தான் ஏற்கெனவே சும்மா இருக்கிறது. விளக்கை அணைத்துப் பார்த்து எது ஃபியூஸ் போனது என்று கண்டுபிடிப்பதுபோலத்தான் இது.

இதோடு நிறுத்திவிடாதீர்கள். தளர்த்திய அந்த நட்டில் டீசல் துடிப்பாக வருகிறதா? வரவில்லை என்றால் பம்ப் எலிமென்ட் அல்லது டெலிவரி வால்வு. நன்றாக வருகிறது என்றால் பழுது நாசிலில், இல்லையேல் சிலிண்டருக்குள்ளேயே. இரண்டில் எது? எஞ்சினை நிறுத்தி, அந்த நாசிலைப் பக்கத்துச் சிலிண்டர் நாசிலோடு இடம் மாற்றுங்கள், இரண்டிலும் புது வாஷர் போட்டு. மறுபடி ஒவ்வொன்றாகத் தளர்த்திப் பாருங்கள். பழுது நாசிலோடு நகர்ந்துவிட்டால் ஒரு நாசில் மட்டும் மாற்றினால் போதும், ஆறு வேண்டாம். பழுது அதே சிலிண்டரிலேயே உட்கார்ந்திருந்தால் கம்ப்ரஷன் அல்லது வால்வு. நாசிலைக் கழற்றும்போது அதைச் சுற்றித் தார்போல் கறுப்புப் படிந்திருந்தால், வாஷர் வழியாகவே கம்ப்ரஷன் கசிந்திருக்கிறது. எஞ்சின் ஓடும்போது அந்த இடத்தில் சீத் சீத்தென்று ஒரு சத்தமும் கேட்டிருக்கும்.

கம்ப்ரஷனை ஏன் இவ்வளவு பெரிதாகச் சொல்கிறேன் என்றால், டீசல் எஞ்சினில் ஸ்பார்க் பிளக் கிடையாது. காற்றை நெரித்த சூட்டிலேயே டீசல் பற்றிக்கொள்ள வேண்டும். காற்றைப் பதினாறு, பதினேழில் ஒரு பங்காக நெரிக்கும்போது சூடு 500 டிகிரி செல்சியஸைத் தாண்டுகிறது. ரிங் தேய்ந்தோ வால்வு கசிந்தோ அந்த நெருக்கம் குறைந்தால், எவ்வளவு நல்ல நாசிலும் உதவாது. இதை வீட்டில் கேட்டே கண்டுபிடிக்கலாம். ஸ்டாப் கேபிளை இழுத்துப் பிடித்து, டீசல் போகாமல், பத்து விநாடிக்கு மேல் போகாமல் செல்ஃப் அடியுங்கள். ஸ்டார்ட்டர் மோட்டார் ஒவ்வொரு சிலிண்டரின் கம்ப்ரஷனையும் முக்கி முக்கித் தாண்டும். அந்த முக்கல் ஒரே சீராக இருந்தால் ஆறும் ஏறக்குறைய ஒரே பலம். நடுவில் ஒன்று மட்டும் சட்டென்று வழுக்கிப்போனால், அங்கே பலம் இல்லை. பிறகு பிரீதரைப் பாருங்கள். குபுகுபுவென்று புகை தள்ளினால் நீங்கள் சொல்கிற பேக் கம்ப்ரஷன். ஆனால் ஹெட்டில் கை வைக்கும் முன் டேப்பெட் இடைவெளியை ஃபீலர் கேஜால் பார்த்துவிடுங்கள். உங்கள் எஞ்சினுக்கு என்ன அளவு, குளிரிலா சூட்டிலா என்பதைக் கம்பெனி புத்தகத்தில் பார்த்துச் செய்யுங்கள், பக்கத்து வண்டியின் அளவை வாங்கிப் போடாதீர்கள். டேப்பெட்டில் முடிய வேண்டிய வேலை ஹெட் இறக்குவதில் முடிந்த வண்டிகள் ஏராளம்.

டிப் ஸ்டிக்கையும் ஒருமுறை முகர்ந்து பாருங்கள். ஆயில் அளவு குறைந்தால் கவலைப்படுகிறோம். கூடினால் இன்னும் அதிகம் கவலைப்பட வேண்டும். டீசல் நெடி அடித்தால் ஏதோ ஒரு நாசில் ஒழுகி, டீசல் கீழே இறங்குகிறது. பால் கலந்ததுபோல் இருந்தால் தண்ணீர். இரண்டில் எதுவானாலும் அந்த வண்டியை ஓட்டிக்கொண்டு பட்டறைக்குப் போகாதீர்கள், இழுத்துக்கொண்டு போங்கள்.

இனிமேல் சொல்வதை இளைஞர்கள் காதில் வாங்க வேண்டும். நான் சொன்ன நட்டுத் தளர்த்தும் சோதனை இன்லைன் பம்ப் வண்டிக்கு மட்டும். காமன் ரெயில் வண்டியில் அதைச் செய்யவே கூடாது. பழைய நாசில் 200, 250 பார் அழுத்தத்தில் திறக்கும். காமன் ரெயிலில் 1,600 பார், அதற்கும் மேலே. அந்த அழுத்தத்தில் வரும் மயிரிழை டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். வெளியே ஒரு ஊசிக்குத்து போலத்தான் தெரியும், வலியும் முதலில் பெரிதாக இருக்காது, சில மணி நேரத்தில் கையையே எடுக்க வேண்டிய நிலை வரலாம். அப்படி நடந்துவிட்டால் மஞ்சள் வைத்துக் கட்டிவிட்டுத் தூங்காதீர்கள். உடனே பெரிய ஆஸ்பத்திரி, “உயர் அழுத்த டீசல் உள்ளே போய்விட்டது” என்று டாக்டரிடம் அதே வார்த்தையில் சொல்லுங்கள். கசிவைத் தேடும்போது கையால் தடவாதீர்கள், ஓர் அட்டையைக் காட்டிப் பாருங்கள்.

லாரிக்கு இந்தக் காமன் ரெயில் முதன்முதலில் வந்தது 1995-இல், ஜப்பானின் ஹினோ லாரியில், டென்சோ செய்த கருவி. நம் நாட்டில் 2020 ஏப்ரல் முதல் பி.எஸ்.6 கட்டாயமான பிறகு எல்லாப் புது வண்டியும் எலக்ட்ரானிக் கட்டுப்பாட்டுக்குள் வந்துவிட்டது. அதனால் வீட்டில் ஒன்றும் செய்ய முடியாது என்று கைவிட்டுவிட வேண்டாம். கடைகளில் கிடைக்கிற அகச்சிவப்பு வெப்பமானித் துப்பாக்கி ஒன்று வாங்குங்கள். எஞ்சின் ஆறியிருக்கும்போது ஸ்டார்ட் செய்து, ஒரு நிமிடத்துக்குள் எக்ஸாஸ்ட் மேனிஃபோல்டில் ஒவ்வொரு சிலிண்டரின் வாயையும் தொடாமல் அளந்து பாருங்கள். ஐந்து சூடேறி ஒன்று பின்தங்கினால் அதுதான் ஆள். எந்த நட்டையும் தளர்த்த வேண்டியதில்லை, பழைய வண்டிக்கும் புது வண்டிக்கும் இது பொருந்தும்.

ஸ்கேனர் வைத்திருப்பவர்கள் சிலிண்டர் கட்-அவுட் சோதனை இருக்கிறதா என்று பாருங்கள். நட்டுத் தளர்த்திச் செய்த வேலையை அது ஒரு பொத்தானில் செய்கிறது. ஆனால் ஸ்கேனர் காட்டும் எரர் கோடு எண்ணை அப்படியே தீர்ப்பாக எடுத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாம் சிலிண்டர் இன்ஜெக்டர் சர்க்யூட் என்று கோடு வந்தால், இன்ஜெக்டர் போய்விட்டது என்று பொருளில்லை. அந்த ஒயர் பிராக்கெட்டில் உரசி அறுந்திருக்கலாம், கனெக்டரில் தண்ணீர் புகுந்திருக்கலாம், பேட்டரி எர்த் தளர்ந்திருக்கலாம். இன்ஜெக்டர் விலை கூடிய பாகம் என்பதால் ஒயரை முதலில் பாருங்கள். இன்ஜெக்டரை மாற்றியே ஆக வேண்டியிருந்தால், பல எஞ்சின்களில் புதியதன்மேல் பொறித்திருக்கும் கோடு எண்ணைக் கம்ப்யூட்டரில் ஏற்ற வேண்டும். ஏற்றாமல் விட்டால் புது இன்ஜெக்டரே குலுக்கும். பி.எஸ்.6 வண்டி நின்றபடி தானாக ரேஸ் ஏறினால், சைலன்சர் பக்கத்தில் சூடும் நெடியும் கூடினால், பெரும்பாலும் அது புகை வடிகட்டி தன்னைத்தானே சுத்தம் செய்துகொள்வது. பாதியில் நிறுத்தாதீர்கள்.

பட்டறைக்காரர்களும் இங்கே உட்கார்ந்திருக்கிறீர்கள். உங்கள் பிழைப்பில் கை வைக்கிறேன் என்று நினைக்காதீர்கள். “நாலாவது சிலிண்டர், நாசில் மாற்றிப் பார்த்தும் நகரவில்லை, செல்ஃப் அடித்தால் அந்த இடத்தில் வழுக்குகிறது” என்று சொல்லிக்கொண்டு வருகிற வாடிக்கையாளர் உங்கள் நேரத்தை மிச்சப்படுத்துகிறார். கேலிப்ரேஷன் உங்கள் வேலை, ஹெட் வேலை உங்கள் வேலை, அதை வீட்டில் எவரும் செய்ய வேண்டாம். உங்களிடம் நான் கேட்பது ஒன்றுதான். கழற்றிய பழைய பாகத்தின்மேல் எந்தச் சிலிண்டர் என்று பெயின்டால் எண் எழுதி, பில்லோடு சேர்த்து உரிமையாளர் கையில் கொடுங்கள்.

உரிமையாளர்களே, டிரைவர் தம்பிகளே, நாளைக் காலையில் வண்டி நன்றாக ஓடுகிறபோதே, முதல் ஸ்டார்ட்டின் சத்தத்தையும் ஸ்லோவையும் ரேஸையும் புகையையும் உங்கள் போனில் பதிவுசெய்து தேதி போட்டு வைத்துக்கொள்ளுங்கள். அடுத்தமுறை ஏதோ மாறியிருக்கிறது என்று காது சொல்லும்போது, ஒப்பிட்டுப் பார்க்க அது வேண்டும்.